எடை குறைக்கும் ஊசி போடுகிறவர் பயணக் காப்புறுதி எடுப்பது எப்படி?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு முகவரிடம் பயணக் காப்புறுதி எடுக்கப் போனால் வேலை சட்டென்று முடிந்துவிடும். கடவுச்சீட்டுப் பிரதி, போகிற திகதி, வருகிற திகதி, காசு. மருத்துவக் கேள்விகள் உள்ள பகுதி வந்ததும், "அன்ரி, பெரிய வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டபடியே முகவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுவார். அன்ரியும் தலையாட்டுவார். வாரத்துக்கு ஒருதரம் வயிற்றில் போடும் ஊசி அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வராது. வந்தாலும் சொல்ல மாட்டார். அது மெலிவதற்குப் போடுவதுதானே, வருத்தத்துக்கு இல்லையே என்று நினைப்பார்.

காப்புறுதி நிறுவனம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. டொக்டர் எழுதித் தந்த மருந்து என்றால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்றுதான் அவர்கள் எடுப்பார்கள். உடற்பருமனாக இருக்கலாம், நீரிழிவாக இருக்கலாம், கொழுப்புக் கல்லீரலாக இருக்கலாம். ஆகவே ஊசியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வருவதில் பாதி வேலைதான் முடிகிறது. எந்த நிலைமைக்காக எடுக்கிறீர்கள், கடைசியாக எப்போது அளவு மாறியது என்பவைதான் பின்னால் காசு கேட்கும்போது மேசைக்கு வரும். முதன்முறை இந்த ஊசியோடு வெளிநாடு புறப்படுகிறவர்களுக்கும், அம்மா அப்பாவுக்காகக் காப்புறுதி வாங்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

1. பெட்டியை எடுத்துப் பெயரைப் பாருங்கள்

பெட்டியில் உள்ள வணிகப் பெயர் ஒன்று, உள்ளே உள்ள மருந்து இன்னொன்று. ஒசெம்பிக், வெகோவி இரண்டிலும் இருப்பது செமாக்ளூடைட். அமெரிக்காவில் ஒசெம்பிக்குக்கு 2017 இல் நீரிழிவு மருந்தாக அனுமதி கிடைத்தது. எடைக் குறைப்புக்கு வெகோவி 2021 இல் வந்தது. மவுன்ஜாரோவிலும் செப்பவுண்டிலும் இருப்பது டிர்செபடைட். அங்கே முதலாவது 2022 இல் நீரிழிவுக்கு, மற்றது 2023 இல் எடைக்கு. பிரித்தானியாவில் மவுன்ஜாரோ என்ற ஒரே பெயரில் இரண்டு தேவைக்கும் கொடுக்கிறார்கள். சக்செண்டா தினமும் போடும் லிராக்ளூடைட் ஊசி. ரைபெல்சஸ் என்பது செமாக்ளூடைட்டின் மாத்திரை வடிவம்.

படிவத்தில் ஒசெம்பிக் என்று மட்டும் எழுதினால், பார்க்கிறவர் உங்களை நீரிழிவு நோயாளி என்று எடுத்துக்கொள்வார். சீனி இல்லாதவர் அதனால் வீணாகக் கூடிய கட்டுப்பணம் கட்ட நேரும். மறுபக்கம் இன்னும் மோசம். சீனி வருத்தம் உள்ளவர் 'எடை குறைக்க' என்று மட்டும் எழுதிவிட்டால், உள்ள நோயை மறைத்ததாகிவிடும். எல்லைக் கோட்டில் சீனி நிற்கிறது என்று டொக்டர் ஒருமுறை சொல்லியிருந்தால் அதையும் எழுத வேண்டும்.

கொழும்பில் பலருக்கு இந்த ஊசி இலண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ சொந்தக்காரரின் பெட்டியில் வருகிறது. மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிறகு சென்னைப் பாதை இன்னும் இலேசாகிவிட்டது. மருந்துத் துண்டு இல்லாமல் இப்படி எடுப்பவர்கள், காப்புறுதி எடுக்க முன் ஒரு டொக்டரைச் சனல் பண்ணிப் பார்த்து, எடுக்கும் மருந்தைப் பதிவில் ஏற்றிக்கொள்ளுங்கள். காப்புறுதிக்கு மட்டும் என்று இதைச் சொல்லவில்லை. போலி ஒசெம்பிக் புழங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. பேனா (மருந்து அடைத்து வரும் ஊசி) எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், படிவத்தில் எழுதுவது உண்மையா என்பது உங்களுக்கே தெரியாது.

'மூலிகை' என்று விற்கும் மெலிவுத் தேயிலை, கப்ஸ்யூல் பற்றியும் ஒரு வார்த்தை. இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சைபுட்ரமீன், இந்த வகைப் பொருட்களில் ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை ஒழுங்காக அறிவிக்க வழியே இல்லை. விட்டுவிடுங்கள்.

2. டொக்டரிடம் ஒரு கடிதம்

ஆங்கிலத்தில், கடிதத் தலைப்போடு, இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கம் உள்ள முத்திரையோடு வேண்டும். மருந்தின் உட்பெயர், வணிகப் பெயர், இப்போதைய அளவு, தொடங்கிய திகதி, கடைசியாக அளவு மாறிய திகதி, எந்த நிலைமைக்காகத் தந்தது, பயணம் செய்யத் தகுதியா என்பவை அதில் இருக்கட்டும். ஒரே கடிதம் காப்புறுதிக்கும் உதவும், கட்டுநாயக்காவில் பை திறந்து பார்த்தாலும் உதவும், வெளிநாட்டு வைத்தியசாலையிலும் உதவும். சனல் பண்ணும் நாளில் டொக்டரிடம் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். ஆகவே இந்த விபரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

3. அளவு மாறிய திகதி: எல்லாச் சிக்கலும் இங்கேதான்

இந்த வகை ஊசிகளை எடுத்த எடுப்பிலேயே முழு அளவில் போடுவதில்லை. வெகோவி 0.25 மில்லிகிராமில் தொடங்கி 0.5, 1, 1.7 என்று நாலு கிழமைக்கு ஒருமுறை ஏறி வழக்கமாக 2.4 இல் நிற்கும். டிர்செபடைட் 2.5 இல் தொடங்கி நாலு கிழமையில் 5 ஆகும். அதற்கு மேலே தேவைப்பட்டால் நாலு கிழமையாவது இடைவெளி விட்டு 2.5 படி ஏற்றுவார்கள், உச்சம் 15. டொக்டருக்கு இது வழக்கமான ஒழுங்கு. குமட்டலும் வாந்தியும் குறையத்தான் மெதுவாக ஏற்றுகிறார்கள்.

காப்புறுதி ஒப்பந்தத்தில் இதே ஏற்றம் வேறு முகம் காட்டும். பல பொலிசிகளில் முன்பே இருந்த நோய்களுக்கு 'நிலையாக இருந்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனை இருக்கிறது. குறித்த நாட்களுக்குள் புதிய அறிகுறி வந்திருக்கக் கூடாது, புதிய மருந்து தொடங்கியிருக்கக் கூடாது, மருந்தின் அளவு கூடியோ குறைந்தோ இருக்கக் கூடாது. கனடாவுக்கான பொலிசிகளில் 90 நாள், 180 நாள் என்று வயதுக்கும் திட்டத்துக்கும் ஏற்ப இந்தக் காலம் மாறும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜூன் 1 இல் காப்புறுதி ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 90 நாள் நிபந்தனை என்றால் மார்ச் 3 வரை பின்னால் போகும். 180 நாள் என்றால் முந்திய டிசம்பர் 3 வரை. சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு அளவு ஏற்றியவர் இரண்டிலும் அகப்படுவார். டிசம்பருக்குப் பிறகு ஊசியையே தொடங்கியவர் 180 நாள் திட்டத்தில் எப்படியும் நிலையானவர் இல்லை. எந்தத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது என்பதும் பொலிசிக்குப் பொலிசி வேறுபடும்: வாங்கிய நாளா, புறப்படும் நாளா, காப்பு ஆரம்பிக்கும் நாளா என்று பாருங்கள்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. முதலாவது, சில கனேடியப் பொலிசிகளில் இன்சுலின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு வழக்கமான அளவு மாற்றங்கள் மாற்றமாகக் கொள்ளப்படா என்று விலக்கு இருக்கும். அதை வாசித்துவிட்டு, 'இதுவும் சீனிக்குப் போடும் ஊசிதானே' என்று ஆறுதல் அடையாதீர்கள். செமாக்ளூடைட்டும் டிர்செபடைட்டும் இன்சுலின் இல்லை. பெயர் சொல்லி விலக்கு இல்லாவிட்டால் விலக்கு இல்லை.

இரண்டாவது, நல்ல செய்தியும் மாற்றம்தான். பத்துப் பன்னிரண்டு கிலோ இறங்கியதும் பிரஷர் குளிசையின் அளவை டொக்டர் பாதியாக்குவார், சீனிக்கு எடுக்கும் மெட்ஃபோர்மினைக் குறைப்பார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நிலைத்தன்மை நிபந்தனையின்படி பிரஷருக்கான மருந்து மாறிவிட்டது, ஆகவே பிரஷரும் இப்போது 'நிலையற்ற' நோய். ஊசியைப் பற்றி ஒழுங்காக எழுதிவிட்டு, குறைந்த குளிசையைப் பற்றி எழுதாமல் விடுவது அடிக்கடி நடக்கக்கூடியது.

பயணத்துக்கு முன் சில மாதங்கள் ஒரே அளவில் நிற்க முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். முடியும் என்றால் காப்புறுதிக்கும் வசதி, பயணத்தில் வயிற்றுக்கும் வசதி. முடியாது என்றால் அவர் சொல்வதுதான் சரி. காப்புறுதிக்காக வைத்தியத்தை வளைக்கக் கூடாது.

இரண்டு கிழமை ஊசியை நிறுத்திவிட்டு 'மருந்து எதுவும் எடுப்பதில்லை' என்று எழுதும் யோசனையும் புழக்கத்தில் உண்டு. செமாக்ளூடைட் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு கிழமை செல்லும். முற்றாக வெளியேற ஐந்து கிழமை அளவில் வேண்டும். அதோடு படிவம் கேட்பது பெரும்பாலும் கடந்த மாதங்களில் அல்லது ஆண்டுகளில் எடுத்த மருந்துகளைப் பற்றித்தான். நிறுத்தியதும் ஒரு மாற்றமாகவே எண்ணப்படும்.

4. பிள்ளை வாங்கும் காப்புறுதி

பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்கான கனடா சுப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதி, நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஒரு ஆண்டுக்கு வேண்டும். முன்பு கனேடிய நிறுவனம் ஒன்றிடமே எடுக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி இறுதியிலிருந்து, கனேடிய நிதி மேற்பார்வை அலுவலகத்தின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களும் ஏற்கப்படுகின்றன. நடைமுறையில் ஸ்காபரோவில் இருக்கும் மகளோ மகனோதான் அங்குள்ள தரகரிடம் பேசி வாங்குகிறார்கள். மருத்துவக் கேள்விகளுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வதும் அவர்கள்தான்.

அம்மா ஊசி போடுகிறார் என்பது அந்த மகளுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் இந்த ஊசி இன்னும் இரகசியம். கலியாண வீட்டில் "என்ன, நல்லா மெலிஞ்சிட்டியள், ஏதும் வருத்தமோ?" என்று கேட்டால், நடக்கிறேன், சோறு குறைத்துவிட்டேன் என்று பதில் வரும். அதே பதில்தான் மகளுக்கும் போகிறது. மகள் தனக்குத் தெரிந்ததை நம்பி 'இல்லை' என்கிறாள். ஆனால் அந்தப் பதில் அம்மாவின் பதிலாகவே ஒப்பந்தத்தில் ஏறுகிறது.

ஆகவே பிள்ளைகளே, "அம்மா, ஏதும் வருத்தம் இருக்கோ?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். வேறு மாதிரிக் கேளுங்கள்: "ஃபிரிட்ஜிலை இருக்கிற மருந்து, அலுமாரியிலை இருக்கிற மருந்து எல்லாத்தையும் மேசையிலை வைச்சுப் படம் எடுத்து வட்ஸ்அப்பிலை அனுப்புங்கோ." கடைசி ஆறு மாத ஃபார்மசி பில்களும் கிளினிக் கொப்பியும் இருந்தால் அவற்றையும். பெற்றோரும் கொஞ்சம் வெட்கத்தை விடத்தான் வேண்டும். ரொறன்ரோவில் ஒரு நாள் வைத்தியசாலையில் படுத்தால் வரும் பில்லுக்கு முன் அந்த வெட்கம் நிற்காது.

5. எந்த நாட்டுப் பொலிசி என்பதில் வித்தியாசம் உண்டு

இலங்கையில் காப்புறுதி ஒப்பந்தம் பழைய ஆங்கிலச் சட்ட மரபில் நிற்கிறது. வர்த்தகம் படித்தவர்களுக்கு 'அதியுயர் நம்பிக்கை' என்ற தத்துவம் ஞாபகம் இருக்கும். நிறுவனத்தின் முடிவைப் பாதிக்கக்கூடிய விடயம் என்றால், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டது பின்னால் தெரியவந்தால் முழு ஒப்பந்தத்தையுமே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு இடமுண்டு. நீங்கள் காசு கேட்பது வழுக்கி விழுந்து உடைந்த காலுக்காக இருந்தாலும், மறைத்தது எடை ஊசியாக இருந்தாலும் சரி.

பிரித்தானியாவில் 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு நிலைமை இளகியது. தனிநபர் ஒருவர் கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையான பதில் சொன்னால் போதும். கவனயீனமாகப் பிழையான பதில் சொன்னால், சரியாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு கட்டுப்பணம் வந்திருக்கும் என்று பார்த்து அந்த விகிதத்துக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம். வேண்டுமென்றே மறைத்தால் ஒப்பந்தமே போகும், கட்டிய காசும் திரும்பாது.

சட்டம் எதுவானாலும் எனது பழக்கம் ஒன்றுதான்: சந்தேகம் என்றால் எழுதிவிடுவது. கொழும்பில் எடுக்கும் பொலிசி என்றால் அது பழக்கம் அல்ல, கட்டாயம்.

6. எழுதும் முறை

முகவரிடம் வாயால் சொன்னது சொன்னதாகாது. அவர் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. படிவத்தில் இடம் போதாவிட்டால் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதி ஒரு தாள் சேருங்கள். நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் நேரடியாக அனுப்பி முகவருக்குப் பிரதி போடுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"உடற்பருமனுக்காக வைத்தியரின் ஆலோசனைப்படி டிர்செபடைட் (மவுன்ஜாரோ) 5 மில்லிகிராம் ஊசியை வாரம் ஒருமுறை எடுத்து வருகிறேன். தொடங்கியது 2025 செப்டெம்பர். கடைசியாக அளவு மாறியது 2025 ஒக்டோபர் 6. நீரிழிவு இல்லை, அண்மைய இரத்தப் பரிசோதனை இணைக்கப்பட்டுள்ளது. உயர் இரத்த அழுத்தத்துக்கு லொசார்டன் 50 மில்லிகிராம் தினமும், 2023 இலிருந்து அளவு மாறவில்லை. கணைய அழற்சி, பித்தக்கல் இருந்ததில்லை. இந்த மருந்தால் வைத்தியசாலையில் தங்கியதில்லை. முடிவுக்குக் காத்திருக்கும் பரிசோதனை எதுவும் இல்லை. இவை காப்பில் அடங்குமா, மேலதிகக் கட்டுப்பணம் உண்டா, விலக்கப்படுமா என்பதை எழுத்தில் அறியத் தரவும்."

கணையத்தையும் (பள்ளிக்கூடத்தில் சதையி என்று படித்தது) பித்தப்பையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஊசிகளோடு சேர்த்துப் பேசப்படும் கடுமையான பக்க விளைவுகளில் கணைய அழற்சியும் பித்தக்கல்லும் முன்னணியில் இருக்கின்றன. கடும் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் உடல் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் உண்டு. வெளிநாட்டில் அவசரப் பிரிவுக்கு ஓட வைப்பவையும் இவைதான். ஏதோ ஒரு ஸ்கானில் 'சின்னதாக ஒரு கல் இருக்கிறது, பிரச்சினை இல்லை' என்று சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். உங்களுக்குப் பிரச்சினை இல்லாதது அவர்களுக்குப் பிரச்சினையாக இருக்கலாம்.

7. வரும் பதிலை வாசியுங்கள்

ஏற்றுக்கொள்ளலாம். கூடுதல் கட்டுப்பணத்தோடு ஏற்றுக்கொள்ளலாம். அந்த நிலைமையையும் அதோடு தொடர்பானவற்றையும் விலக்கிவிட்டு மற்றதற்குக் காப்புத் தரலாம். முற்றாக மறுக்கலாம். கொழும்பில் விற்கும் பல பயணப் பொலிசிகள் முன்பே இருந்த நோய்களை மொத்தமாகவே விலக்கி வைத்திருக்கின்றன. சிலவற்றில் உயிராபத்தான அவசர நிலைக்கு மட்டும் ஒரு வரம்பு வரை தருவார்கள். 'எப்படியும் விலக்கத்தானே போகிறார்கள், பிறகு ஏன் சொல்ல வேண்டும்?' என்று கேட்கத் தோன்றும். சொன்னால் விலகுவது அந்த ஒரு நிலைமை மட்டும். சொல்லாவிட்டால் எது எது விலகும் என்பதை அவர்கள் பிறகு தீர்மானிப்பார்கள்.

விலக்கு வந்தால் அதன் வாசகத்தைக் கவனியுங்கள். 'உடற்பருமன் தொடர்பான சிகிச்சை' என்பது ஒன்று. 'உடற்பருமனோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புடைய எந்த நிலைமையும்' என்பது மிகப் பெரிய வலை. மாரடைப்பு, மூட்டுவலி, பித்தக்கல் எல்லாம் அதற்குள் அடங்கும். அப்படி வந்தால் வேறு நிறுவனங்களிடம் விலை கேட்பது நேரத்துக்குத் தகும்.

பொலிசி எடுத்த பிறகும் புறப்பட முன்னும் ஏதாவது மாறினால், அதாவது அளவு கூடினால், ஊசியை நிறுத்தினால், வேறு பெயருக்கு மாறினால், மீண்டும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் போகிறவர்கள் ஒன்றைப் பிரித்து அறிய வேண்டும். விசாவுக்குக் கேட்பது குறைந்தது 30,000 யூரோ காப்பு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் காலம் முழுவதற்கும். அந்தச் சான்றிதழைப் பார்த்து விசா கிடைத்துவிடும். உங்கள் மருத்துவப் பதில்கள் சரியா என்று விசா அலுவலர் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது பின்னால் காசு கொடுக்க வேண்டியவர்தான்.

8. இலண்டனிலிருந்து கொழும்புக்கு வருகிறவர்கள்

இணைய ஃபார்மசியில் தனிப்பட வாங்கும் ஊசி குடும்ப வைத்தியரின் பதிவில் இல்லாமல் இருக்கலாம். அதனால் அறிவிக்கத் தேவையில்லை என்று ஆகாது. அதுவும் டொக்டர் எழுதிய மருந்துதான். வழக்கமான நிறுவனம் மறுத்தால், மருத்துவ நிலைமை உள்ளவர்களுக்குக் காப்புத் தரும் நிறுவனங்களின் பட்டியலை மணிஹெல்ப்பர் என்ற அரச ஆதரவுச் சேவை வைத்திருக்கிறது.

9. பேனாவைக் கொண்டு போவது

கைப்பையில்தான். சரக்கறையில் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம், பெட்டியே காணாமல் போகலாம். உறைந்த பேனாவைப் பிறகு பாவிக்கக் கூடாது. திறக்காத பேனாக்களுக்கு 2 முதல் 8 பாகை வரை குளிர் வேண்டும். திறந்த ஒசெம்பிக் பேனாவை 30 பாகைக்கு உட்பட்ட அறை வெப்பத்தில் வைக்கலாம், மருந்தோடு வரும் ஐரோப்பியத் தாளின்படி ஆறு கிழமை, அமெரிக்கத் தாளின்படி 56 நாள். மவுன்ஜாரோவின் ஒருதரம் போடும் பேனா 21 நாள் வரை ஃபிரிட்ஜுக்கு வெளியே தாங்கும், அதுவும் 30 பாகைக்குள். கொழும்பில் மத்தியானம் விசிறி மட்டும் சுற்றும் அறை அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்பதை இங்கு வருகிறவர்கள் மறக்கக் கூடாது. டோகாவிலோ டுபாயிலோ நீண்ட நேரம் இடைத்தங்கல் இருந்தால் குளிர்ப்பை அவசியம். ஆனால் ஐஸ் கட்டியோடு பேனா நேரடியாக முட்டக் கூடாது.

பேனா தொலைந்தால் காப்புறுதி தருமா? பல பொலிசிகளில் பயணப்பொதிக்கான தொகை ஒரு மாத ஊசி விலைக்குக் காணாது. மருந்தை விலக்கியே வைத்திருப்பதும் உண்டு.

ஊசி இல்லாமல் பசியடக்கும் குளிசை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பென்டெர்மைன் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை அமீரகத்துக்குள் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். போகிற நாட்டின் தூதரக இணையத்தளத்தில் உங்கள் மருந்தின் உட்பெயரைப் போட்டுப் பாருங்கள்.

10. அங்கே வருத்தம் வந்தால்

பொலிசியில் உள்ள 24 மணிநேர உதவி இலக்கத்துக்கு, முடிந்தால் அனுமதிக்கப்பட முன்னரே அழையுங்கள். அழைக்காமல் படுத்தால் தொகையைக் குறைக்கும் பொலிசிகள் உண்டு. அவசரப் பிரிவில் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் ஊசியைச் சொல்லுங்கள். காப்புறுதியில் எழுதவில்லையே என்று பயந்து டொக்டரிடம் மறைப்பது உயிரோடு விளையாடுவது. இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். வழக்கம்போலச் சாப்பிடாமல் இருந்தாலும் வயிற்றுக்குள் உணவு இருக்கலாம், மயக்க மருந்து கொடுக்கும்போது அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். உடைந்த கைக்குச் சத்திரசிகிச்சை என்றாலும் மயக்க மருந்து டொக்டருக்குக் கடைசி ஊசி போட்ட நாள் தெரிய வேண்டும். இன்சுலின் அல்லது கிளிக்ளசைட் போன்ற குளிசையும் சேர்த்து எடுப்பவருக்குச் சீனி திடீரென்று இறங்கக்கூடும், அதையும் கூட வருகிறவர் தெரிந்துவைத்திருக்கட்டும்.

பில், விடுவிப்பு அறிக்கை, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றின் மூலப்பிரதிகளும் கையில் இல்லாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். கொழும்பு வந்த பிறகு அங்கிருந்து எடுப்பது பெரிய பாடு.

11. மறுத்தால்

எந்தப் பிரிவின் கீழ், எந்த உண்மையை வைத்து மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 'முன்பே இருந்த நோய்' என்ற ஒற்றை வரி போதாது. நீங்கள் அனுப்பிய அறிவிப்பு மின்னஞ்சலையும் டொக்டர் கடிதத்தையும் இணைத்து முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதில் தீராவிட்டால் இலங்கைப் பொலிசிகளுக்குக் காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் (முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுநிலையாளர்), இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கின்றன. பிரித்தானியப் பொலிசி என்றால் எட்டுக் கிழமைக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ நிதி ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். கனடாவில் ஆயுள், சுகாதாரக் காப்புறுதிக்கென்று தனியாக ஒம்புட்ஸ்மன் அமைப்பு உண்டு, பயண மருத்துவக் காப்புறுதியும் அதற்குள் வரும். நிறுவனத்தோடு எழுதிப் பேசி முடித்தீர்களா என்றுதான் இந்த இடங்களில் முதலில் கேட்பார்கள். ஆகவே 'இதுவே எமது இறுதி முடிவு' என்ற கடிதத்தை நிறுவனத்திடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு போங்கள்.